நல்ல வீட்டுப் பிள்ளை

முன்பெஞ்சுப் பையன் எழுந்து நின்று, சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணைக் கழித்தால் கணக்கு கெடாது என்பதுதான் இந்த வாரம் தன் மனதில் நின்றது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கசுபா தனக்கு முன்னால் இன்னும் எத்தனை தலைகள் பாக்கி என்று எட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. கப்வே நகரில் அவர்கள் பேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பொறுப்பான ஹமூங்கா மேடம் வாரம் தவறாமல் நடத்தும் சடங்கு இது. ஒவ்வொருவரும் எழுந்து, அந்த வாரம் கணக்கில் என்ன, அறிவியலில் என்ன, சமூகப் பாடத்தில் என்ன, சமையல் வகுப்பில் என்ன என்று வரிசையாகச் சொல்லி, அதில் தன்னைத் தொட்டது எது என்றும் சொல்ல வேண்டும். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. "காயிதத்துல இருக்கறத நானே படிச்சுக்குவேன். மண்டையில இருக்கறத நீங்கதான் சொல்லணும்" என்பார் மேடம்.

மற்ற வாரங்களில் கசுபாவுக்கு இது கொண்டாட்டம். அவள் எழுந்து நின்றாலே வகுப்பு சிரிப்பதற்குத் தயாராகிவிடும். கணக்கு சார் மூக்கைச் சொறிந்துகொண்டே சூத்திரம் சொல்வதை நடித்துக் காட்டுவாள். அறிவியல் சார் சுண்ணாம்புக் கட்டியைத் தேடிச் சட்டைப்பை ஒவ்வொன்றாகத் தட்டுவதையும் காட்டுவாள். மேடம் கண்டிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு தானும் சிரிப்பார். இந்த வாய் ஒன்று போதும், இவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று கசுபாவின் அம்மாவே சொல்வாள். அந்த வாய் இன்றைக்கு வறண்டு கிடந்தது. பக்கத்தில் நொம்சா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். செவ்வாய்க்கிழமை காலை வரை அந்த இடைவெளி இருந்ததில்லை. ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் விலாவில் இடித்துக்கொண்டேதான் இருக்கும்.

கசுபா பெம்பாக்காரி. நொம்சா ங்கோனிக்காரி. எந்தக் காலத்திலோ இரண்டு கூட்டத்துக்கும் வெட்டுக்குத்து நடந்து, பிறகு சமாதானமாகி, இனிமேல் ஈட்டிக்குப் பதிலாக வாயால் மட்டும் குத்திக்கொள்வோம் என்று முடிவானதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் கேலிமுறை. முன்பின் பார்த்திராத பெம்பாக்காரனும் ங்கோனிக்காரனும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால், இன்னார் என்று தெரிந்த நிமிஷமே ஒருவன் மற்றவனை எலிதின்னி என்பான், மற்றவன் இவனைக் குரங்குதின்னி என்பான், இறங்கும்வரை ஓயாது. கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டவனைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும். சாவு வீட்டுக்குக்கூட விலக்கு இல்லை. கசுபாவின் பெரியப்பா இறந்தபோது நொம்சாவின் அம்மா வந்து, அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே பாயில் மல்லாந்து படுத்து, செத்தவர் குறட்டையை அப்படியே விட்டுக் காட்டினாள். "எந்திரிடா குரங்குதின்னி, பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!" என்று சவப்பெட்டியைத் தட்டினாள். பெரியம்மா அழுகையும் சிரிப்புமாக அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். முறைக்காரி வந்து கேலி செய்யாவிட்டால் அது என்ன சாவு வீடு?

இந்த முறைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்வது ஊர் மொத்தத்துக்கும் தெரிந்த பொய்யாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊர் மொத்தமும் சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன விஷயமாக இருக்க வேண்டும். ஒருத்தி கண்ணில் மட்டும் பட்ட உண்மையை அதில் கொண்டுவந்து கலக்கக் கூடாது.

திங்கட்கிழமைக் கணக்கு வகுப்பை கசுபா நினைத்துப் பார்த்தாள். அதைச் சொல்லத்தான் கொஞ்சம் தைரியம் இருந்தது. சார் நொம்சாவைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒரு சமன்பாட்டைப் போடச் சொன்னார். அவள் விறுவிறுவென்று போட்டு முடித்துத் திரும்பும்போது, "பரவாயில்லையே! எலி கடிச்சது போக மண்டையில கொஞ்சம் மிச்சம் இருக்கு போல" என்றாள் கசுபா. நொம்சா சுண்ணாம்புக் கையை அவள் கன்னத்தில் தடவிவிட்டு, "நீயும் மரத்தைவிட்டு எறங்கி வாடி, சொல்லித் தர்றேன். வால் எங்கயும் மாட்டிக்காமப் பாத்து எறங்கு" என்றாள். சார்கூடச் சிரித்தார். கசுபா கன்னத்தைத் துடைக்காமல் அப்படியே சாயங்காலம் வரை இருந்தாள்.

இப்போது நினைக்கும்போது அந்தத் திங்கட்கிழமையைத்தான் தாண்டிப் போக முடியவில்லை. அதற்கு முந்தின நாள் நடந்ததற்குப் பிறகும் நொம்சா அப்படிச் சிரித்தாள், அப்படித் தொட்டாள். கசுபா பார்த்ததைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொள்வாள் என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கசுபா நேராக நொம்சா வீட்டுக்குப் போனாள். வாசலில் கரியடுப்பு, மேலே மூடி போட்ட பெரிய பானை, மூடியின் ஓரமாக ஆவி. முறைக்காரிக்கு எந்தப் பானையையும் கேட்காமல் திறக்க உரிமை உண்டு. கை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடினாலும் துரத்துவார்களே தவிர வைய மாட்டார்கள். "இன்னிக்கு எத்தன எலி விழுந்துச்சு?" என்று கேட்டபடியே கசுபா மூடியைத் தூக்கினாள். உள்ளே தண்ணீர். வெறும் தண்ணீர். ஒரு கீரை இல்லை, ஒரு உப்புக்கல் கரைந்த கலங்கல்கூட இல்லை. அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த நொம்சாவின் அம்மாவின் கை அப்படியே நின்றது. நொம்சா எழுந்து வந்து கசுபா கையிலிருந்து மூடியை வாங்கி, சத்தம் வராமல் திரும்ப வைத்தாள். "இன்னும் வேகலடி. அப்புறமா வா" என்றாள் அம்மா, எப்போதும் போலத்தான் சொன்னாள். சாவு வீட்டையே சிரிக்க வைத்தவள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேலியாகச் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. பேட்டையில் எல்லா வீட்டிலும் நிஷிமாக் களியின் உருண்டை சிறுத்துக்கொண்டே வந்தது. கசுபாவின் மாமாவுக்கு ம்குஷிப் பக்கம் வாய்க்கால் பாசனம் உள்ள நிலம், அதனால் இவர்கள் வீட்டுக்கு மட்டும் மக்காச்சோளம் வந்தபடி இருந்தது. நொம்சாவின் அப்பா லாரி ஓட்டுகிறவர். காங்கோ எல்லையைத் தாண்டிச் சரக்கு கொண்டுபோனவர் இன்னும் திரும்பவில்லை, தகவலும் இல்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பானைக்குள் என்ன இருந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஆவி மேலே போகும்வரை அந்த வீட்டில் சமையல் நடக்கிறது என்றுதான் தெரு நினைத்துக்கொள்ளும். அவர்களுக்கும் அது போதும்.

"கசுபா, தூங்கறியா? உன் வரிசைதான் வருது, தயாரா இரு" என்றார் மேடம். கசுபா தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சமையல் வகுப்பு. அதுவும் ஹமூங்கா மேடம்தான். ஐந்து ஐந்து பேராகக் கூட்டம் பிரித்து, நிஷிமாவும் நிலக்கடலைப் பொடி போட்ட பூசணிக் கீரையும் செய்ய வேண்டும். கீரை ஒருத்தி, கடலைப் பொடி ஒருத்தி, எண்ணெய் ஒருத்தி என்று வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். சோளமாவு நொம்சாவின் முறை. மேடம் ஒவ்வொரு மேசையாக வந்து இவர்கள் மேசையில் நின்றார்.

"மாவு எங்க?"

"மறந்துட்டேன் மேடம்" என்றாள் நொம்சா.

"போன வாரமும் மறந்தே. அடுத்த வாரம் சமையல் வகுப்பு இருக்கறதையே மறந்துடுவியா? நாளைக்கு உங்க அம்மாவ வரச் சொல்லு. அவங்களையே கேட்டுக்கறேன்."

நொம்சாவின் கண்ணில் ஒரு மிரட்சி ஓடியதை கசுபா பார்த்தாள். சத்தியமாக அவளைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தாள். இதை அவள் பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாயிற்று.

"மேடம், அவ மேல தப்பில்ல. ங்கோனிக்காரி வீட்டுல மாவு வெச்சா எலி தின்னுடும். எலிய இவங்க தின்னுடுவாங்க. கடைசியில மாவும் இல்ல, எலியும் இல்ல!"

வகுப்பு சிரித்தது. மேடத்தின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. நொம்சாவின் தோள் இறங்கியது, மூச்சு வந்தது. காரியம் அத்துடன் முடிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பது நாற்பது பேர் சிரிக்கும்போது ஒரு போதை ஏறும் பாருங்கள், அது கசுபாவுக்குத் தலைக்கேறியது. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு தடவை என்று நாக்கு அரித்தது.

"இப்ப எலியெல்லாம்கூட வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு மேடம். இவங்கம்மா என்ன பண்றாங்க தெரியுமா? வெறும் தண்ணிய அடுப்புல வெச்சு, மூடியப் போட்டு, தெருவுக்கே படம் காட்டறாங்க. யாராச்சும் வந்தா, 'இன்னும் வேகலடி, அப்புறமா வா'ன்னு அனுப்பிடறது!"

அந்த அம்மாவின் குரலை அப்படியே எடுத்துச் சொன்னாள். கசுபாவுக்குக் குரல் எடுப்பதில் கெட்டிக்காரி என்று பெயர். வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்கிட்ட மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடச் சாமான் அறையிலிருந்து ஒரு கிண்ணம் மாவு எடுத்துவரச் சொன்னார். நொம்சாவின் அம்மாவை வரச் சொன்னது மறந்தே போயிற்று. நொம்சாவும் சிரித்தாள். முறைக்காரி சிரிக்க வேண்டும், சிரித்தாள், கைகூடத் தட்டினாள். ஆனால் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. களி வெந்து, எல்லோரும் தட்டில் போட்டுச் சாப்பிட்டபோது நொம்சா மெதுவாக, மிக மெதுவாகச் சாப்பிட்டாள். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "வயிறு ரொம்பிடுச்சு" என்றாள். பக்கத்தில் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் அவள் நொம்சாவின் கையைப் பிடித்து, "அடியேய் எலிதின்னி, கோவமாடி?" என்றாள்.

"கோவமா? எதுக்குங்க?" என்றாள் நொம்சா. "முறைக்காரங்க நீங்க. நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வீங்க."

நீங்க. எட்டு வயதிலிருந்து டி போட்டுப் பேசியவள். கசுபாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை அறிவியலைப் பற்றி என்னவென்று சொல்வாள்? சார் ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினார். குமிழி வந்தது, ஆவி வந்தது. ஆவியில் என்ன இருக்கிறது, குடுவையில் கடைசியில் என்ன மிஞ்சும் என்று பாடம். "இந்தக் குடுவைக்குள்ள என்ன இருக்கு? யாராவது சொல்லுங்க" என்றார் சார். பின்வரிசையிலிருந்து முபிட்டா குரல் கொடுத்தான். "நொம்சா வீட்டு ராத்திரிச் சாப்பாடு சார்! இன்னும் வேகல!"

முபிட்டா வேறு கூட்டம், லோசிக்காரன். லோசிக்காரனுக்கு ங்கோனியைக் கேலி செய்ய எந்த முறையும் கிடையாது. அவனுக்குத் தோங்கா ஆட்கள்தான் முறை. அவன் இப்படிச் சொன்னது வெறும் வசவு. வகுப்புக்கே அது தெரியும், அதனால் ஒரு நொடி யாரும் சிரிக்கவில்லை. நொம்சா எழுந்து அவன் சட்டையைப் பிடித்திருந்தால் சார்கூட அவள் பக்கம்தான் நின்றிருப்பார். அவள் அசையாமல் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் யாரோ களுக்கென்று சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். கசுபா எழுந்து, "டேய், உனக்கு எவன்டா இந்த உரிமையக் குடுத்தான்?" என்று கத்தினாள்.

"நீதான் குடுத்தே" என்றான் அவன் சாவதானமாக. "நேத்து நீ சொன்னதத்தான் சொன்னேன்."

சார் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். தண்ணீர் வற்றும்வரை எல்லோரும் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் பள்ளிக்கூடக் குழாயடியில் ஏழாம் வகுப்புப் பொடிசுகள் இரண்டு, 'இன்னும் வேகல, இன்னும் வேகல' என்று பாட்டாகவே பாடிக்கொண்டு போவதை கசுபா கேட்டாள். ஓடிப்போய் ஒன்றின் காதைத் திருகினாள். அது அழுதது. திருகியதாலும் ஒன்றும் சரியாகவில்லை.

வியாழக்கிழமை சமூகப் பாடம் அதைவிட மோசம். ஹமூங்கா மேடம் புத்தகத்தைத் திறந்தார், பாடமே கேலிமுறைதான். இந்த நாட்டில் இத்தனை கூட்டத்து ஜனங்களும் கழுத்தை அறுத்துக்கொள்ளாமல் சேர்ந்திருப்பதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம் என்று புத்தகம் சொன்னது. மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம்ம வகுப்புலேயே புத்தகத்தவிட நல்ல உதாரணம் உக்காந்திருக்கு. எந்திரிங்க ரெண்டு பேரும், முன்னால வாங்க. நொம்சா, செவ்வாய்க்கிழமை அவ உன்ன வாரினா. இன்னிக்கு உன் முறை. விடாதே அவள!"

கசுபா முன்னால் போய் நின்றாள். இதைப் போல ஒரு ஆசை அவளுக்கு எதன் மேலும் வந்ததில்லை. திட்டுடி என்று மனசுக்குள் கெஞ்சினாள். குரங்குதின்னி என்று சொல், வாலைப் பற்றிச் சொல், என் அப்பா குடித்துவிட்டுச் சர்ச்சில் தூங்கியதைச் சொல், என் கோணல் பல்லைச் சொல். எதையாவது சொல்லி இதைச் சமமாக்கிவிடு.

நொம்சா கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, வகுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "அவங்க நல்ல வீட்டுப் பிள்ளை மேடம். அவங்கள ஏச எனக்கு ஒண்ணும் தோணல."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ங்கோனிக்காரி பெம்பாக்காரியை நல்ல வீட்டுப் பிள்ளை என்பதைவிடப் பெரிய குத்தல் உண்டா! மேடம் கைதட்டி, "பாத்தீங்களா, பாத்தீங்களா, எப்படி ஊசி ஏத்தினா பாருங்க!" என்றார். நொம்சா அடக்கமாகத் தலை குனிந்து தன் இடத்துக்குப் போனாள். அது கேலி இல்லை என்பது அந்த அறையில் இரண்டே பேருக்குத் தெரியும்.

"கசுபா!"

அவள் எழுந்து நின்றாள். வகுப்பு அவள் பக்கம் திரும்பியது; சில முகங்களில் சிரிப்பு இப்போதே ஆரம்பித்துவிட்டது. கணக்கில் சமன்பாடு படித்தோம் என்றாள். அறிவியலில் தண்ணீர் ஆவியாவது படித்தோம் என்றாள். பின்வரிசையில் ஒரு செருமல் கேட்டது. சமூகப் பாடம் என்று ஆரம்பித்து, அதை விட்டுவிட்டு, மேடத்தை நேராகப் பார்த்தாள். நேற்று ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு தயார் செய்த வார்த்தைகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன.

"சமையல் வகுப்புல நான் நொம்சா அம்மாவப் பத்திச் சொன்னது பொய் மேடம். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அட பைத்தியமே, பொய்யின்னு எங்களுக்குத் தெரியாதா? முறைக்காரி உண்மையா சொல்லுவா? இவ என்ன புதுசா மன்னிப்பெல்லாம் கேக்கறா!"

"பெம்பாக்காரி மன்னிப்பு கேக்கறாடோய்! மழை வரப்போகுது, மழை!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் எல்லோரும் அப்படியே விட்டுவிடவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டு நொம்சாவை ஓரக்கண்ணால் பார்ப்பதை கசுபா கவனித்தாள். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவளும் பார்த்தாள். பொய் என்றால் எதற்கு மன்னிப்பு என்ற கேள்வி அந்த இரண்டு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கேலியாக இருந்ததை, கசுபா தன் வாயாலேயே இன்றைக்கு உண்மையாக்கிவிட்டாள். நொம்சாவின் விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தன. மேடம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நொம்சா எழுந்து, நான்கு பாடங்களையும் பிசிறில்லாமல் சொல்லி, கணக்குதான் பிடித்தது என்று சொல்லி உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் அம்மா ஒரு வாளி மக்காச்சோளத்தை கசுபாவிடம் கொடுத்து மில்லுக்கு அனுப்பினாள். மில்லின் இரைச்சலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் மனசு லேசாகிவிட்டது. முறைக்காரிக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அது பிச்சை, உன் வீட்டில் இல்லை என்று சொல்வதற்குச் சமம். ஆனால் முறைக்காரி பிடுங்கலாம். போன வருஷம் நொம்சாவின் அம்மா நட்டநடுச் சந்தையில் கசுபாவின் அம்மாவை மடக்கி, தலையில் இருந்த தக்காளிக் கூடையை இறக்கிப் பாதியை எடுத்துக்கொண்டு, "குரங்குக்குத் தக்காளி எதுக்குடி!" என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை, யாரும் யாரிடமும் வாங்கவில்லை. பிடுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு நொம்சா தன்னைக் கொள்ளையடித்தால் போதும். வாளியோடு பிடுங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.

நேர் வழியை விட்டுச் சுற்றுவழியில், சூடு ஆறாத மாவு வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு கசுபா நடந்தாள். நொம்சா வீட்டு வாசலுக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அடுப்பு இல்லாத வெறும் இடம்தான். கரி படிந்த ஒரு வட்டம் மட்டும் மண்ணில் இருந்தது. இனிமேல் எதற்குக் கரியை வீணாக்குவது? யாருக்காகக் கொதிக்கவைப்பது? கசுபாவுக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் வந்தாயிற்று. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"இந்த வீட்டுல திருடியெல்லாம் செத்துப்போயிட்டாளுங்களா? வாசல்ல மாவு நடந்து போகுது, கைவைக்க ஒருத்திக்கும் துப்பில்லையே!"

நொம்சாவின் அம்மா கதவருகில் வந்து எட்டிப் பார்த்தாள். அந்த வாய்க்காரி இதற்கு மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். "வாம்மா, நல்லாருக்கியா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கசுபா அசட்டுச் சிரிப்போடு நின்றாள். அப்புறம் நொம்சா வந்தாள். விருந்தாளியைப் பார்த்தால் செய்வது போல முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு உள்ளங்கையையும் மெல்லத் தட்டி வணக்கம் சொன்னாள்.

"கனமா இருக்கா? இப்படிக் குடுங்க."

பிடுங்கப்போகிறாள் என்று கசுபாவின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. வாளியை இறக்கக் குனிந்துகூடக் கொடுத்தாள். நொம்சா அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், தெருவில் இறங்கி கசுபாவின் வீடு இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தாள்.

"ஏய், எங்கடி போறே? உள்ள கொண்டு போடி!"

"உங்க வீட்டுக்குத்தாங்க. இவ்வளவு தூரம் நீங்க எப்படித் தூக்குவீங்க?"

கசுபா பின்னால் ஓடினாள். வாளியைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். மாவு கொட்டிவிடுமோ என்று கையை எடுத்துவிட்டாள். தெருவில் தெரிந்தவர்கள் பார்த்தார்கள். பெம்பாக்காரி கைவீசிக்கொண்டு வர, ங்கோனிக்காரி அவளுக்குச் சுமை தூக்கிக்கொண்டு போகிறாள். இப்படி ஒரு காட்சியை அந்தப் பேட்டை பார்த்ததில்லை. "திட்டுடி" என்றாள் கசுபா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரே ஒரு வார்த்தை திட்டிடுடி. உன் காலப் பிடிக்கறேன்."

நொம்சா கழுத்தைத் திருப்பவில்லை. தலையில் வாளி இருந்தது. "நீங்க பொய் சொல்லியிருந்தா நானும் ஒரு பொய் சொல்லியிருப்பேங்க" என்றாள்.

கசுபாவின் அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள். "அடி ஆத்தே! எலிதின்னி நம்ம மாவத் திருடாம வீடு வரைக்கும் கொண்டாந்து குடுக்கறாளா? உலகம் முடியப்போகுதா என்ன!"

"வழியில பாத்தேங்க. தூக்க முடியாம வந்தாங்க" என்றாள் நொம்சா. வாளியை வாசற்படியில் அலுங்காமல் இறக்கி வைத்தாள்.

"உக்காருடி. களி கிண்டப்போறேன், ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

"சாப்பிட்டுத்தாங்க வந்தேன்."

அம்மா இன்னும் கேலிதான் நடக்கிறது என்று நினைத்துச் சிரித்தபடி துணிக்குத் திரும்பினாள். கசுபா படியருகில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வாளியிலிருந்து சிந்திய மாவு நொம்சாவின் பின்னலிலும் தோளிலும் புருவத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. நொம்சா வாளியின் மேல் குனிந்தாள். பின்னலை ஒவ்வொன்றாக உதறினாள், தோளைத் தட்டினாள், இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று தேய்த்து, விரல் இடுக்கில் இருந்ததையும் விடாமல் வாளிக்குள் விழும்படி தட்டினாள். கடைசியாகப் புருவத்தைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையையும் வாளிக்குமேல் ஒருமுறை உதறிவிட்டு, நிமிர்ந்து, வந்த வழியே நடந்தாள்.